வயிறு நிறைஞ்சப்புறம் வர்ற மறதி

பல வருஷத்துக்கு முன்னாடி வெளிநாட்டுல ஒரு ஆபீஸ்ல வேலை பார்த்தப்ப, மதியம் எனக்கு எதிர் நாற்காலியில உட்கார்ந்து சாப்பிடறவர் ஒரு யூதர். ஆசாரமானவர், உச்சந்தலையில சின்னதா ஒரு குல்லாய் எப்பவும் இருக்கும். ஒருநாள் ஆப்பிள் ஒண்ணை எடுத்தார். கடிக்கறதுக்கு முன்னாடி வாய்க்குள்ளயே ஏதோ முணுமுணுத்தார். தின்னு முடிச்சார். அடுத்து வாழைப்பழத்தை உரிச்சார். மறுபடியும் முணுமுணுப்பு.

"இப்பத்தானே சொன்னீங்க, திரும்பவும் எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"அது மரத்துப் பழம். இது மண்ணுல விளையறது. ரெண்டுக்கும் வேற வேற."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கல்யாண வாசல்ல வாழை மரம் கட்டற ஊர்லேர்ந்து போனவன்கிட்ட வாழை மரமே இல்லைன்னா எப்படி! அவர் அசரலை. "பழத்தை எடுத்தப்புறம் அதே தண்டு மறுபடி காய்க்குமா?"ன்னு கேட்டார். என் வாய் அடைச்சுப் போச்சு. குலை தள்ளின வாழையை வெட்டிச் சாய்ச்சுடறோம், பக்கத்துல நிக்கற கன்னுதான் அடுத்த குலைக்கு. வாழையடி வாழையா வாழணும்னு வாழ்த்தற நமக்கே உறைக்காத இந்த வித்தியாசத்தை அவங்க சட்டத்துல எழுதியே வெச்சிருக்காங்க. மறுபடி அதே கிளையில காய்ச்சா மரம், இல்லைன்னா செடி.

விட்டேனா? என் டப்பாவைக் காட்டி "அப்ப என் தயிர் சாதத்துக்கு என்ன சொல்லணும்?"னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "அரிசி கொஞ்சம் சிக்கலான கேஸ்"னார் :-)

அந்தச் சிக்கல்தான் என்னை இதைப் பத்திக் கிடைச்சதையெல்லாம் படிக்க வெச்சது. படிச்சதுல பாதி வேடிக்கை. மீதிப் பாதி வேடிக்கையே இல்லை. ரெண்டையும் சொல்றேன், பொறுமையாப் படிங்க.

முன்னாடி சொல்றது

யூதர்களோட வாய்மொழிச் சட்டங்களைத் தொகுத்து எழுதின நூல் மிஷ்னா. காலம் ஏறத்தாழ கி.பி. 200, தொகுத்தவர் ரபி யெஹூதா. அதுல முதல் பிரிவோட பேரே 'விதைகள்'. விவசாயம் சம்பந்தப்பட்ட சட்டங்கள் எல்லாம் அங்கேதான். அந்தப் பிரிவோட முதல் நூல் 'பெராகோத்', அதாவது துதிகள். விதைக்கறதைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி நன்றி சொல்றதைப் பத்திப் பேசிடறாங்க.

சாப்பிடறதுக்கு முன்னாடி சொல்ற துதிகள் மொத்தம் 6. ரொட்டிக்கு ஒண்ணு. கோதுமை, பார்லி மாதிரி தானியத்துல செஞ்ச மத்த பண்டங்களுக்கு ஒண்ணு. திராட்சை ரசத்துக்குத் தனியா ஒண்ணு. மரத்துப் பழத்துக்கு ஒண்ணு, மண்ணுல விளையற காய்கறிக்கு ஒண்ணு. கறி, மீன், பால், முட்டை, தண்ணின்னு மிச்சம் எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு. எல்லாமே ஒரே வரிதான்.

தண்ணிக்கு ஒரு நிபந்தனை உண்டு. தாகத்துக்குக் குடிச்சாத்தான் துதி. தொண்டையில கறித்துண்டு சிக்கிக்கிட்டு, அதை இறக்கறதுக்காகத் தண்ணி குடிக்கறவன் சொல்ல வேண்டியதில்லை. அவன் தண்ணியை அனுபவிக்கலையே!

இந்த 'அனுபவிக்கறது'தான் சட்டத்தோட மையம். மிஷ்னாவுக்கு எழுந்த விவாத உரைதான் தல்மூத். பாபிலோன் தல்மூத் அந்த ஊர் ரபிகள் சில நூற்றாண்டு உட்கார்ந்து வாதாடினதோட பதிவு. அதுல முன்னாடி சொல்ற துதிக்கு வேதத்துல ஆதாரம் தேடித் தேடிப் பார்க்கறாங்க. ஒவ்வொண்ணா உடையுது. கடைசியில வேத வசனத்தை விட்டுட்டு, இது சாதாரண நியாயம்தானேன்னு முடிக்கறாங்க: இந்த உலகத்துல எதையும் துதி சொல்லாம அனுபவிக்கறது மனுஷனுக்குத் தடை. மீறினா அது திருட்டு.

திருட்டு எப்படி? ரபி லேவி ஒரு முரண்பாட்டை எடுத்து வெக்கறார். 24ஆம் சங்கீதம் பூமி கர்த்தருடையதுங்குது. 115ஆம் சங்கீதம் பூமியை மனுஷங்களுக்குக் கொடுத்தாச்சுங்குது. எது சரி? ரெண்டும் சரின்னு முடிக்கறார். துதி சொல்றதுக்கு முன்னாடி அது அவருது. சொன்னப்புறம் உன்னுது. பட்டா மாத்தற மாதிரி, ஒரே வரியில கைமாறிடுது.

பின்னாடி சொல்றது

நான் இதுவரைக்கும் சொன்னது ரபிகள் ஏற்படுத்தினது. வேதத்துலயே நேரடியா வர்ற கட்டளை சாப்பிட்டதுக்கு அப்புறம் சொல்ற நன்றிதான். கொஞ்சம் வினோதமா இருக்கில்லையா? சாப்பாட்டைப் பார்த்ததும் நன்றி சொல்லத் தோணறது இயல்பு. ஏப்பம் விட்டுட்டு எழுந்திருக்கறப்ப யாருக்குத் தோணும்?

உபாகமம் 8ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தாத்தான் காரணம் புரியுது. எகிப்துல அடிமையா இருந்தவங்க, நாப்பது வருஷம் பாலைவனத்துல அலைஞ்சவங்க, புது மண்ணோட எல்லையில நிக்கறாங்க. மோசே பேசறார். இது நல்ல நாடு, கோதுமை, பார்லி, திராட்சை, அத்தி, மாதுளை, ஆலிவ், தேன் எல்லாம் உண்டு. சாப்பிட்டுத் திருப்தியானதும் கொடுத்தவரைத் துதிக்கணும். உடனே ஒரு எச்சரிக்கையும் வருது. வயிறு நிறைஞ்சு, நல்ல வீடு கட்டி, ஆடு மாடு பெருகி, வெள்ளியும் தங்கமும் சேர்ந்ததும் மனசுல திமிர் ஏறும், எங்கேயிருந்து வந்தோம்கறது மறந்து போகும், ஜாக்கிரதை.

அதாவது பசிச்சவனை நினைச்சு இந்தச் சட்டம் கவலைப்படலை. அவனுக்கு ஞாபகம் தானா இருக்கும். நிறைஞ்ச வயித்தைப் பார்த்துத்தான் பயப்படுது. எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சது.

அந்த ஏழு விளைச்சலையும் மனசுல வெச்சுக்குங்க. (தேன்னு சொன்னது பேரீச்சம்பழத் தேனைத்தான்ங்கறது ரபிகள் விளக்கம்.) பின்னாடி சொல்றது எவ்வளவு நீளம்ங்கறது அதைப் பொறுத்துத்தான். ரொட்டி சாப்பிட்டா நாலு பகுதி கொண்ட முழு நன்றி, 'பிர்க்கத் ஹமாஸோன்'. அத்தி, மாதுளை மாதிரி பழம்னா அதையே சுருக்கி ஒரே பகுதியா. மத்ததுக்கெல்லாம் ரெண்டு வரியில முடிஞ்சுடும்.

நம்ம அரிசி கேஸ் இப்ப புரியும். அரிசி பசியாத்துது, அதனால முன்னாடி தானியப் பண்டத்துக்கு உண்டான துதி. ஆனா அந்த மண்ணோட ஏழு விளைச்சல்ல அது கிடையாது, அதனால பின்னாடி ரெண்டு வரிதான். அரிசியும் முழுத் தானியம்தான்னு யோஹனான் பென் நூரின்னு ஒரு ரபி வாதாடிப் பார்த்தார், எடுபடலை. என் தயிர் சாதம் வாசல்ல மரியாதையோட வரவேற்கப்பட்டு, கொல்லைப்புறமா அனுப்பி வைக்கப்பட்டது :-)

எப்போலேர்ந்து?

பழக்கம் ரொம்பப் பழசு. கி.பி. 70கள்ல எழுதின வரலாற்றாசிரியர் ஜொசிபஸ், எஸ்ஸீன்கள்ங்கற யூதப் பிரிவினர் சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஜெபம் பண்ணுவாங்க, முன் ஜெபம் முடியறவரை யாரும் வாயில வெக்க மாட்டாங்கன்னு எழுதறார். 1947லேர்ந்து சாக்கடல் பக்கத்துக் குகைகள்ல கிடைச்ச சுருள்கள்ல ஒண்ணும், மேசை போட்டதும் ஆசாரியர் முதல்ல கை நீட்டி ரொட்டியையும் ரசத்தையும் துதிக்கணும்னு சொல்லுது. இயேசு அப்பத்தை எடுத்து நன்றி சொல்லிப் பிட்டுக் கொடுத்தார்னு சுவிசேஷங்கள்ல வர்றதையும் இதோட சேர்த்துத்தான் வாசிக்கணும்.

இதுக்கும் முந்தின காலத்துல நடந்ததா தல்மூத் ஒரு கதை சொல்லுது. யன்னாய் ராஜா (ஆட்சி கி.மு. 103-76) ராணியோட விருந்து சாப்பிடறார். முடிஞ்சதும் நன்றி சொல்ல ஆள் இல்லை. ஏன்னா இருந்த அறிஞர்களையெல்லாம் அவரே கொன்னுட்டார்! ராணி, உயிருக்கு ஆபத்து இல்லைன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு, ஒளிஞ்சிருந்த தன் தம்பி ஷிமோன் பென் ஷெத்தாகைக் கூட்டிக்கிட்டு வர்றாள். கையில கிண்ணத்தைக் கொடுத்துச் சொல்லச் சொன்னா, அவர் கேக்கறார்: நான் எப்படிச் சொல்றது? யன்னாயும் அவர் கூட்டாளிகளும் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு நன்றின்னா? எனக்குத்தான் ஒண்ணும் போடலையே!

அந்தக் கிண்ணத்தைக் குடிச்சுட்டார். இன்னொரு கிண்ணம் வந்தது, அப்புறம்தான் சொன்னார். கொலைகார ராஜா முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு அந்த மனுஷனுக்கு எவ்வளவு தைரியம் பாருங்க. தல்மூத் மட்டும் தைரியத்தை விட்டுட்டு, வெறும் ரசம் குடிச்சவர் ரொட்டி சாப்பிட்டவங்களுக்காகச் சொல்லலாமான்னு சட்டப் பிரச்சினைக்குப் போயிடுது!

மறந்துட்டா என்ன பண்றது? அதுக்கும் சட்டம் இருக்கு. ஷம்மாய் பள்ளி, சாப்பிட்ட இடத்துக்கே திரும்பிப் போய்ச் சொல்லணும்ங்குது. ஹில்லேல் பள்ளி, ஞாபகம் வந்த இடத்துல சொன்னாப் போதும்ங்குது. கெடு, சாப்பாடு வயித்துல செரிக்கற வரைக்கும். ரப்பா பார் பார் ஹனான்னு ஒருத்தர் வணிகக் கூட்டத்தோட போய்க்கிட்டிருக்கார். நன்றி சொல்ல மறந்தது நடுவழியில ஞாபகம் வருது. உண்மையைச் சொன்னா, இங்கேயே சொல்லிட்டு வாய்யான்னுடுவாங்க. அதனால "தங்கப் புறா ஒண்ணை விட்டுட்டு வந்துட்டேன், கொஞ்சம் நில்லுங்க"ன்னு ஒரு புளுகு. திரும்பிப் போய் நன்றி சொன்னார். அங்கே நிஜமாவே ஒரு தங்கப் புறா கிடைச்சதாம்!

பெண்கள் சமாசாரம் மட்டும் நெருடுது. மூணு பேர் சேர்ந்து சாப்பிட்டா ஒருத்தர் அழைக்க மத்தவங்க சேர்ந்து சொல்லணும். அந்த மூணுல பெண்களைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு மிஷ்னா சொல்லுது. (பெண்கள் தனியாச் சேர்ந்து சொல்லலாம்னு வேற இடத்துல வருது.) நன்றி சொன்ன கிண்ணத்தை வீட்டுக்காரம்மா யால்தாவுக்கும் அனுப்புங்கன்னு கேட்டப்ப, உல்லாங்கற விருந்தாளி ரபி மறுத்துட்டார். யால்தா எழுந்து போய் ரசம் வெச்சிருந்த 400 ஜாடிகளை உடைச்சாங்கன்னு தல்மூத்லயே பதிவாகியிருக்கு. உடைச்சது தப்புன்னு அங்கே ஒரு வார்த்தை இல்லை.

நாலு அடுக்கு

முழு நன்றிக்கு வருவோம். அதுல நாலு பகுதி. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்துல சேர்ந்ததுன்னு தல்மூத் சொல்லுது. முதல் பகுதி, எல்லா உயிருக்கும் சோறு போடறதுக்கு நன்றி. பாலைவனத்துல மன்னா விழுந்தப்ப மோசே சொன்னது. ரெண்டாவது, நிலத்துக்கு நன்றி. உள்ளே நுழைஞ்சப்ப யோசுவா சொன்னது. மூணாவது எருசலேமுக்கு, தாவீதும் சாலமோனும் சொன்னது. பேர்கள் பாரம்பரியம் சொல்றது, வரலாற்று ஆதாரம் அவ்வளவு தூரம் போகாது. ஆனா அடுக்கு அடுக்கா வளர்ந்த விஷயம்ங்கறது பார்த்தாலே தெரியுது.

கி.பி. 70ல ரோமர்கள் எருசலேம் கோவிலை எரிச்சுட்டாங்க. அப்புறம் மூணாவது பகுதி, இருக்கற நகரத்துக்கு நன்றியா இல்லாம, இடிஞ்ச நகரத்தைக் கட்டித் தரச் சொல்ற வேண்டுதலா ஆயிடுச்சு. மனுஷங்க கொடுக்கற தானத்துக்கும் கடனுக்கும் எங்களைக் கையேந்த வெச்சுடாதேன்னு ஒரு கெஞ்சலும் அதுக்குள்ள இருக்கு. பலிபீடம் போனப்புறம் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் பலிபீடம்னு ரபிகள் சொன்னாங்க. நன்றி சொல்றதுக்கு முன்னாடி மேசையிலேர்ந்து கத்தியை எடுத்துடற வழக்கம் இன்னிக்கும் உண்டு. பலிபீடத்துக் கல்லு மேல இரும்பு படக்கூடாதுங்கறது ஒரு காரணம். இன்னொண்ணும் சொல்றாங்க. ஒருத்தர் எருசலேம் பகுதி வந்ததும், இடிஞ்சது ஞாபகம் வந்து துக்கம் தாங்காம, மேசையில இருந்த கத்தியை எடுத்துத் தன் வயித்துலயே குத்திக்கிட்டாராம்.

நாலாவது பகுதியைப் படிச்சப்பதான் நான் புத்தகத்தை மூடி வெச்சேன்.

கி.பி. 132ல பார் கோக்பா தலைமையில யூதர்கள் ரோமுக்கு எதிரா மறுபடி கிளம்பினாங்க. 135ல கடைசிக் கோட்டை பெய்த்தார் விழுந்தது. எருசலேமுக்குத் தென்மேற்குல இருக்கற பத்தீர்ங்கற பாலஸ்தீன கிராமத்துக்குப் பக்கத்துலதான் அந்த இடம். அந்த ஊரோட படிக்கட்டு வயல்களை 2014ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. அங்கே செத்தவங்களைப் புதைக்கக் கூடாதுன்னு ஹாட்ரியன் பேரரசன் உத்தரவு. தன்னோட பெரிய திராட்சைத் தோட்டத்தைச் சுத்தி அந்தப் பிணங்களையே வேலியா அடுக்கினான்னு எருசலேம் தல்மூத் சொல்லுது. அடுத்த அரசன் வந்தப்புறம்தான் புதைக்க அனுமதி கிடைச்சதாம்.

அந்த நாள்ல யாப்னே ஊர் ரபிகள் நாலாவது பகுதியைச் சேர்த்தாங்கன்னு தல்மூத் சொல்லுது. நல்லவருக்கு, நன்மை செய்யறவருக்கு நன்றி. ஏன் ரெண்டு வார்த்தை? அத்தனை காலம் கிடந்தும் உடல்கள் அழுகாம இருந்தது ஒரு நன்மை. புதைக்கக் கிடைச்சது இன்னொரு நன்மை.

தோத்துப் போன போர். கோட்டை போச்சு, நகரம் போச்சு. செத்தவனைப் புதைக்க விட்டதுக்கு நன்றி. அதைக் கொண்டு வந்து, தினம் ரொட்டி தின்னு முடிக்கற இடத்துல வெச்சுட்டாங்க. முதல் நன்றி எல்லா உயிருக்குமான சோத்துக்கு, கடைசி நன்றி ஒரு குழிக்கு. நிறைஞ்ச வயிறு மறக்கும்னு மோசே பயந்தாரே, அந்த மறதிக்கு இவங்க கண்டுபிடிச்ச மருந்து இதுதான்னு எனக்குத் தோணுது. ஏப்பம் வர்ற நேரம் பார்த்துப் பெய்த்தாரை ஞாபகப்படுத்தறது.

திருப்தியே இல்லாதப்ப?

வேதம் 'திருப்தியா' சாப்பிட்டாத்தான் நன்றி சொல்லச் சொல்லுது. ஆனா ரபிகள் அளவைக் குறைச்சுக்கிட்டே வந்தாங்க. ஒரு முட்டை அளவு சாப்பிட்டாலே சொல்லணும்னார் ஒருத்தர். ஆலிவ் காய் அளவு போதும்னார் ரபி மேயிர், அதுதான் நின்னது. இதை வெச்சும் ஒரு கதை. நீ பாரபட்சம் பார்க்காதவன்னு எழுதியிருக்கே, இஸ்ரவேலுக்கு மட்டும் ஏன் தயவு காட்டறேன்னு தேவதூதர்கள் கேக்கறாங்க. காட்டாம எப்படி, நான் வயிறு நிறைஞ்சா நன்றி சொல்லுன்னேன், அவங்க ஒரு ஆலிவ் அளவு தின்னாலே சொல்றாங்களேன்னு பதில் வருதாம்.

இன்னொரு கேள்வி. தடை செஞ்ச உணவைத் தின்னா துதி உண்டா? கிடையாது, முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லைன்னார் 12ஆம் நூற்றாண்டு மைமோனிதீஸ். திருட்டுக்குத் திருட்டு, மேல நன்றியா! இல்லை, அனுபவிச்சான்ல, சொல்லித்தான் ஆகணும்னு மறுத்தார் அதே காலத்து பிரான்ஸ் ரபி ஒருத்தர். 1565ல அச்சான சட்டத் தொகுப்பு 'ஷுல்ஹான் ஆருக்'. அந்தப் பேருக்கு அர்த்தம், இலை போட்டு வெச்ச மாதிரி தயாரான மேசை. அது மைமோனிதீஸ் பக்கம் நின்னது. ஆனா ஒரு விதிவிலக்கு வெச்சது. உயிராபத்துல வேற வழியில்லாம தடை செஞ்சதைத் தின்னவன் துதி சொல்லலாம், முன்னாடியும் பின்னாடியும். அவன் செஞ்சது குத்தமே இல்லை.

வாதத்துக்காக எழுதின மாதிரி தெரியற இந்த விதிவிலக்கைத்தான் 1944 ஏப்ரல் எனக்கு ஞாபகப்படுத்துச்சு. ஜெர்மனியில பெர்கன்-பெல்சன் முகாம். பஸ்கா வருது. அந்த நாட்கள்ல புளிச்ச மாவு ரொட்டியைத் தொடவே கூடாது, யூதச் சட்டத்துல பெரிய குத்தங்கள்ல ஒண்ணு. புளிக்காத ரொட்டி கிடையாது. இருக்கறது முகாம்ல கொடுக்கற ரொட்டித் துண்டு மட்டும்தான். அதையும் தள்ளினா சாவு.

முகாம்ல இருந்த ஹாலந்து நாட்டு ரபிகள் தின்னச் சொன்னாங்க. சும்மா தின்னச் சொல்லலை. அதுக்கு முன்னாடி சொல்றதுக்குன்னு ஒரு ஜெபம் எழுதிக் கொடுத்தாங்க. சாரம் இவ்வளவுதான்: உன் கட்டளைப்படி பஸ்காவைக் கொண்டாடத்தான் எங்களுக்கு ஆசைன்னு உனக்கே தெரியும். அடிமைத்தனம் தடுக்குது, மனசு வலிக்குது. சட்டத்தால வாழணும், சாகக் கூடாதுங்கறதும் உன் கட்டளைதான், இதோ அதை நிறைவேத்தறோம். எங்களை உயிரோட வெச்சிரு, அடுத்த தடவை ஒழுங்காச் செய்யறோம். இந்த ஜெபத்தை இன்னிக்கும் சில பஸ்காப் புத்தகங்கள்ல சேர்த்து அச்சடிக்கறாங்க.

அந்தத் துண்டு ரொட்டி ஆலிவ் அளவை விடப் பெருசா இருந்திருக்கும். திருப்திங்கற பேச்சுக்கே இடமில்லை. எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்ட இடத்துல, தின்னறது நாயோட இரையா ஆகிடாம, ஒரு மனுஷன் யோசிச்சுச் செய்யற காரியமாவே இருக்கட்டும்னு அந்த ஜெபத்தை எழுதியிருக்காங்கன்னுதான் நான் எடுத்துக்கறேன்.

கடவுள் விஷயத்துல நான் எந்தப் பக்கமும் அடிச்சுப் பேசற ஆள் இல்லை. இப்பவும் துதியெல்லாம் சொல்றதில்லை. ஆனா அன்னிக்கு அந்த நண்பர் வாழைப்பழத் தோலைக் குப்பையில போட்டுட்டு, உடனே எழுந்திருக்காம ரெண்டு வரி முணுமுணுத்துட்டுப் போனார். நான் அதுக்குள்ள டப்பாவைக் கழுவி மூடி, ஏப்பம் விட்டுட்டு, பாதி தூரம் போயிருந்தேன். இதையெல்லாம் படிச்சதுலேர்ந்து, சாப்பிட்டு முடிச்சதும் ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கேன். யாருக்குன்னு தெரியலைன்னாலும், எங்கேயிருந்து வந்தேன்கறதாவது ஞாபகம் வருது.

உங்க வீட்டுல சாப்பிடறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஏதாவது சொல்ற வழக்கம் இருந்ததா? தாத்தா பாட்டி காலத்துதா இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்க.